ஆடக் கூடாத விரல்

என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டில் கிழிந்திருக்கும் ரெக்சினைப் பிய்த்துக்கொண்டே வருவேன். கோயிலில் நின்றால் முந்தானை நூலை உருவுவேன். பேசும்போதும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிப் போய் எதையாவது கிள்ளும். இருபத்தாறு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்த கை, அதைச் சொல்லி என்ன. ஆனால் நடந்த வினைக்கெல்லாம் அந்தக் கைதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. கந்தப்பளைப் பக்கம் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இன்னமும் தினம் ஒருத்தியாவது வந்து நிற்கிறாள். "அந்த லேசர் லைட்டு சுட்டுச்சாக்கா? ஒடம்புக்குள்ள போயி ரத்தத்தக் காயவச்சிருமாமே?" ஒவ்வொருத்திக்கும் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். லைட்டு சுடவில்லை. ரத்தத்தைக் காயவைக்கவும் இல்லை. அது பாட்டுக்குப் பார்த்தது, அவ்வளவுதான். அதை ஏமாற்றியது நான்.

பனி கொட்டுகிற மாதங்களில் என் விரல்கள் வெளுத்துப் போகும். கொஞ்ச நேரத்தில் நீலமாகும். அடுப்பில் காட்டினால் சிவந்து, ஊசி குத்துவது போல வலிக்கும். இது பல வருஷமாக உண்டு. குளிரில் யாருக்குத்தான் விரல் விறைக்கவில்லை என்று விட்டுவிட்டேன். இந்த முறை வலது ஆள்காட்டி விரலின் நுனி கறுத்தது. அதையும் விட்டுவிட்டேன், ஏனென்றால் எங்கள் எல்லோருக்குமே விரல் கறுப்புத்தான். கொழுந்தின் பால் பட்டுப் பட்டு நகக்கண்ணில் கறை ஏறிவிடும். எலுமிச்சம்பழத் தோலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். செத்துக்கொண்டிருக்கிற விரலைப் பத்து நாள் சாம்பல் போட்டுத் தேய்த்த புத்திசாலி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வலி தாங்காமல் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் போனேன். அங்கே இருக்கிற ஐயா பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்துப் பார்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"இது எத்தன நாளாம்மா?"

"கறைதானுங்கய்யா."

"கறையில்ல. சதை சாகுது. இன்னைக்கே நுவரெலியாவுக்குப் போங்க."

நுவரெலியாவில் இரண்டு நாள் வைத்திருந்து, ஆம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள். வியாதிக்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் சொன்னார்கள், எனக்கு அது வாயில் நுழையவில்லை. விஷயம் இதுதான்: குளிர் பட்டால் விரலில் இருக்கிற சின்ன ரத்தக் குழாய்கள் இறுகி மூடிக்கொள்ளும். எல்லோருக்கும் கொஞ்சம் இறுகும், பிறகு திறக்கும். எனக்கு இறுகியது திறக்கவில்லை. வெற்றிலையோடு நான் போடுகிற புகையிலை அதை இன்னும் இறுக்கிவிட்டது. ரத்தம் போகாத சதை பட்டுப்போகும். புகையிலை என்றதும் என் கணவர் செல்வராஜா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் தினம் பீடி குடிக்கிறவர், அதனால் தலையைக் குனிந்துகொண்டார்.

கண்டியில் எங்களைப் பார்த்த சத்திரசிகிச்சை டொக்டர் சிங்களவர். தமிழ் பாதி, சிங்களம் பாதியாகப் பொறுமையாகப் பேசுவார். முதல் நாளே பேனாவை எடுத்து என் விரலில் மூன்று கோடு போட்டார். ஒன்று நுனிக் கணுவில், ஒன்று நடுக் கணுவில், ஒன்று அடியில்.

"இங்கயா, இங்கயா, இங்கயா? அதுதான் தெரிய வேணும். நுனி போயாச்சு. அதுக்குக் கீழ உயிர் இருந்தா நாங்க வெட்டுறதில்ல. காத்திருந்தா நுனி மட்டும் காஞ்சு தன்பாட்டுல விழும். உயிர் இல்லாட்டி வெட்டணும். செத்தத விட்டு வச்சா பழுத்து, கைக்கு ஏறும்."

நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினேன். வெட்டுவதில்லை. அது போதும் எனக்கு. கொழுந்து பறிப்பது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் செய்கிற வேலை. அதில் ஒன்று போனால் பிறகு நான் மலையில் எதற்கு? புல்வெட்டுக்கு அனுப்புவார்கள், இல்லாவிட்டால் கிலோ காணாது என்று அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடுவார்கள். அதைவிட, எங்கள் கூட்டத்தில் என் நிரையை முந்தி எவளும் ஏறியதில்லை. அந்தக் கர்வமும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

வார்டில் காத்திருந்த அந்த நாலு நாளைப் போல ஒரு தண்டனை இல்லை. ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், விரலில் கொக்கி மாதிரி ஒன்றை மாட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு 'இருங்க' என்றார்கள். இருக்கத்தான் எனக்குத் தெரியாதே! புகையிலையும் நிறுத்தியாயிற்று. வாயும் சும்மா, கையும் சும்மா. கட்டில் விரிப்பின் ஓரத்தை நூல் நூலாகப் பிரித்துவிட்டேன். நர்ஸ் மிஸி வந்து திட்டிவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டிலில் கம்பளைக்கார அம்மா ஒருவர் சீனி வியாதிக் காலோடு படுத்திருந்தார். "இன்னைக்கு எத்தன கிலோம்மா? மலையே காலியாயிரும் போல" என்று கேலி பண்ணுவார். கேலிக்குச் சிரிப்பேன். சிரித்து முடிந்ததும் பேனாக் கோட்டைப் பார்ப்பேன். எழுந்து தாழ்வாரத்தில் நடப்பேன். திரும்பி வந்து மறுபடி பார்ப்பேன்.

ஐந்தாம் நாள் காலை, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மெஷின் வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஆராய்ச்சிக்காக வந்தது, வாரத்தில் ஒரு நாள்தான் வரும். காலையிலிருந்து தேத்தண்ணி குடிக்கக் கூடாது, புகையிலை தொடக் கூடாது, ஏனென்றால் இரண்டுமே ரத்த ஓட்டத்தை மாற்றிவிடும். குளிராமலும் வேர்க்காமலும் வைத்திருந்த ஒரு சின்ன அறையில் இருபது நிமிஷம் உட்காரவைத்தார்கள். மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண் நிரோஷா, முப்பது வயது இருக்கும். நான் வாயைத் திறந்ததுமே, "நீங்க எந்தத் தோட்டம்? நான் தலவாக்கலை" என்றாள். எனக்குப் பாதிப் பயம் போயிற்று.

மெஷின் பெரிதாக ஒன்றும் இல்லை. நீட்டி மடக்குகிற ஒரு கையின் நுனியில் பெட்டி, பெட்டிக்குள் லேசரும் கமராவும், பக்கத்தில் கொம்பியூட்டர்.

"சுடுமாம்மா?"

"சுடாதுக்கா. இந்தா பாருங்க" என்று தன் கையை முதலில் வைத்துக் காட்டினாள். மங்கலான சிவப்பு வெளிச்சம் கை முழுக்கப் பரவியது. உற்றுப் பார்த்தால் வெளிச்சத்தில் ரவையைத் தூவிய மாதிரி பொடிப் பொடியாகப் புள்ளிகள். லேசர் வெளிச்சம் தோலுக்குள் கொஞ்சம் போய்ச் சிதறித் திரும்பி வரும்போது அந்தப் புள்ளிகள் விழுமாம். உள்ளே ஒன்றும் அசையாவிட்டால் புள்ளிகள் அப்படியே நிற்கும். ரத்தம் ஓடினால் புள்ளிகளும் நடுங்கும், கமராவில் மங்கிப் போகும். எங்கே எவ்வளவு மங்குகிறது என்று கொம்பியூட்டர் பார்த்து நிறம் கொடுக்கும். நன்றாக ஓடுகிற இடம் சிவப்பு, ஓடாத இடம் நீலம்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. என் கணவர் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், சலிக்கிற மெஷினில் நிற்கிறவர். சல்லடை நின்றிருக்கும்போது தூள் தனித்தனியாகத் தெரியும், ஆட ஆரம்பித்தால் எல்லாம் கலங்கலாகிவிடும். அதைச் சொன்னேன்.

"அதேதாங்க்கா! அதனாலதான் கைய ஆட்டவே கூடாது. நீங்க ஆட்டுனா ரத்தம் ஓடுற மாதிரியே காட்டிரும். மூச்சு கூட மெதுவா வுடுங்க."

அவள் எச்சரிக்கையாகத்தான் சொன்னாள். என் காதில் அது வழி சொன்ன மாதிரி விழுந்தது.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். மலையில் நாங்கள் கொழுந்தைத் தராசுக்குக் கொண்டுபோனால், சாக்குக்கு என்று இவ்வளவு, பனித் தண்ணிக்கு என்று இவ்வளவு கழித்துக்கொள்வார்கள். அவர்கள் கழித்தால் நாங்கள் விடுவோமா? நனைந்த கொழுந்தை அடியில் போடுவோம். தொங்குகிற சாக்கை முழங்காலால் லேசாக அமுக்குவோம், கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்க்கிற அந்த ஒரு நொடிக்கு மட்டும். எனக்கு அது கைவந்த கலை. என்னை நிறுக்க வருகிற எதுவாக இருந்தாலும் என் பங்குக்கு ஒரு அமுக்கு அமுக்கிவிடுவது என்று உடம்பே பழகிவிட்டது. அன்றைக்கு அந்த அறையில் என் விரலுக்கு உயிர் இருக்கிறதா என்று நிறுக்கிறார்கள் என்று மட்டும்தான் தோன்றியது. யாருடைய விரல், யாருக்காக நிறுக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

கறுப்பு மெத்தையில் கையை வைத்தேன். பெருவிரலை ஆள்காட்டி விரலுக்கு அடியில் ஒட்டிவைத்துக்கொண்டேன். கொழுந்தின் காம்பு இளசா முற்றலா என்று ஒடிப்பதற்கு முன் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி மெல்ல மெல்ல அதிரவிட்டேன். வெளியே பார்த்தால் தெரியாது. திரையில் மற்ற விரல்களைவிட அந்த விரல்தான் செக்கச் சிவந்து நின்றது.

"அக்கா! நல்லாருக்கேக்கா!" என்று நிரோஷா எழுந்தே விட்டாள். டொக்டர் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நெற்றியைச் சுருக்கினார், பிறகு "ஹொந்தாய், ஹொந்தாய்", நல்லது நல்லது என்று சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினார். வெட்ட வேண்டாம், மருந்தோடு நாளைக்கு வீட்டுக்குப் போகலாம். வார்டுக்குத் திரும்பி வந்து கணவருக்கு போன் எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஸ்டோர் மெஷின் சத்தத்துக்கு மேலே அவர் அழுவது கேட்டது.

கம்பளைக்கார அம்மாவும் அன்றைக்குத்தான் அந்த அறைக்குப் போய் வந்தார். அவருக்குப் பாதம் நீலமாக வந்திருந்தது. "எனக்கு வெட்டுறாங்களாம். உங்களுக்கு நல்லதுதானே, அல்லாஹ் போதுமானவன்" என்று என் கையைப் பிடித்து முத்தமிட்டார். என்னால் அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. எழுந்து கழுவுகிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். செய்யக் கூடாத காரியம், யாரும் செய்யாதீர்கள். நடுக் கோட்டுக்கு மேலே குத்தினேன். வலிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ரத்தமும் வரவில்லை. நடுவிரலில் சும்மா தொட்டேன், 'ஸ்' என்று கை இழுத்துக்கொண்டது, ஒரு முத்து ரத்தம் வந்து நின்றது.

அப்போதுதான் டொக்டர் சொன்னதன் மறுபாதி காதில் விழுந்தது. பழுத்து, கைக்கு ஏறும்.

தாழ்வாரத்தில் எத்தனை தடவை நடந்திருப்பேன் என்று தெரியாது. சொன்னால் விரல் போகும். சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், ஒருவேளை தன்னால் சரியாகலாம். இப்படியே அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடந்தேன். சாயந்திரம் பார்க்கிற நேரத்துக்கு என் கணவர் பஸ் பிடித்து ஓடி வந்திருந்தார், ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு. லயத்தில் எல்லாருக்கும் சொல்லியாயிற்றாம், கோயிலில் தேங்காயும் உடைத்தாயிற்றாம். பார்சலைப் பிரித்து என் முன்னால் வைத்தார். சொன்னேன்.

"என்னா புள்ள சொல்ற? மெஷினே நல்லாருக்குன்னு சொல்லுது. நீ என்னா மெஷினுக்கு மேலயா?"

"நான்தாங்க ஆட்டுனேன். வேணுமின்னே ஆட்டுனேன்."

அவர் நம்பவில்லை. ஊக்கை எடுத்துக் காட்டினேன். இரண்டு விரலையும் பார்த்தார். ரொட்டிப் பார்சலைப் பழையபடி மடித்துக் கட்டினார். என் கையை இரண்டு கைக்குள்ளும் பொத்தி, சூடு வரட்டும் என்று வாயால் ஊதினார். ரொம்ப நேரம் ஊதினார். பிறகு எழுந்து போய் நிரோஷாவைக் கூட்டிவந்தார். அவள் மெஷினின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாளாம்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "எப்பிடிக்கா ஆட்டுனீங்க? காட்டுங்க" என்றாள். காட்டினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஓரமெல்லாம் கலங்கிக் கெடந்திச்சி, நானும் பாத்தேங்க்கா. நம்ம ஊரு ஆளு, நல்லா வந்திருக்கேங்குற ஆசையில வுட்டுட்டேன். எம்மேலயும் தப்பு."

வயரை மறுபடி பிரித்தாள். இந்த முறை ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகப் பிளாஸ்டர் போட்டு மெத்தையோடு ஒட்டினாள். பெருவிரலைத் தள்ளி வைத்தாள். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் அசையாமல் இருந்ததில்லை. மூக்கு அரித்தது, விட்டுவிட்டேன். திரையைப் பார்க்க வேண்டாம் என்றாள், பார்த்தேன். நாலு விரல் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தன. ஆள்காட்டி விரல் அடியிலிருந்து சிவப்பாக ஏறி வந்து, நடுக் கணுவில் நின்றுவிட்டது. அதற்கு மேலே நீலம்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு இதுதான் பலனா? வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாமே என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். டொக்டர் வந்து இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "முதல் படத்த நம்பி அனுப்பியிருந்தா, அடுத்த மாசம் நீங்க விரலுக்கு வாறதில்ல, கைக்கு வருவீங்க. இப்ப எங்க வெட்டினா காயம் ஆறும்னு எனக்குத் தெரியும். சிவப்பு இருக்கிற இடத்துல ஆறும்." அந்த நேரத்தில் அது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

மறுநாள் காலையில் விறைக்கிற ஊசி போட்டு, முகத்துக்கும் கைக்கும் நடுவில் பச்சைத் துணி கட்டினார்கள். இழுப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. அரை மணி நேரம்கூட இல்லை. "அத என்னா செய்வீங்க?" என்று மிஸியிடம் கேட்டேன். "பரிசோதிக்க அனுப்புவம்" என்றாள். இருபத்தாறு வருஷம் சோறு போட்ட விரல் ஒரு போத்தலில் போகிறது என்று நினைத்ததும் துணிக்கு இந்தப் பக்கம் தேம்பித் தேம்பி அழுதேன். கம்பளைக்கார அம்மாவுக்கும் அதே வாரம் பாதத்தில் பாதி போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்த கட்டிலில் கட்டுப் போட்டுப் படுத்துக்கொண்டு, அவர் மகள் மிஸிக்குத் தெரியாமல் கொண்டுவந்த வட்டிலப்பத்தை ஒரே கரண்டியில் தின்றோம். நான் இடது கையால் ஊட்டினேன், பாதி அவர் சட்டையில் விழுந்தது.

என் லயத்துப் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்தால் அது சும்மா குளிர் இல்லை, மருந்து இருக்கிறது, போய்க் காட்டுங்கள். கறை என்றால் எல்லா விரலிலும் இருக்கும். ஒரே ஒரு விரல் மட்டும் கறுத்தால் சாம்பலை எடுக்காதீர்கள். கம்பளிக் கையுறைக்கு மேலே ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள், எவளாவது 'தொரசாணி' என்று சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். புகையிலையை விடுங்கள். நான் விட்டுவிட்டேன். இன்றைக்கும் பத்து மணி ஆனால் வாய் ஊறுகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். மலைக்கும் திரும்பிவிட்டேன். பெருவிரலும் நடுவிரலும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நிரையில் நான் பின்னால்தான் வருகிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆறு வாரம் கழித்துக் காயம் எப்படி ஆறுகிறது என்று பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். அதே அறை, அதே கறுப்பு மெத்தை. கையை வைத்தேன். சிவப்பு வெளிச்சம் விழுந்தது. நிரோஷா திரையை என் பக்கம் திருப்பினாள். பாதி விரலின் கடைசி ஓரம் வரைக்கும் சிவப்பு.

"நல்லா ஓடுதுக்கா" என்றவள், ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். "ஆட்டலயே?"

"ஆட்டுறதுக்கு அங்க என்னாம்மா இருக்கு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் கொட்ட ஆரம்பித்தது, மூக்கு நுனி வரை வந்து சொட்டியது. துடைக்கவில்லை. படம் இன்னும் எடுத்து முடியவில்லை என்று கையை அசைக்காமல் வைத்திருந்தேன்.